இரண்டாவது சரணத்தில் உடைந்த குரல்

அந்தக் கதையை முதன்முதலில் சொன்னவன் நான்தான். இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. "அதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச விசயமுங்க, நீங்க எப்படி மொதல்ல சொல்லியிருப்பீங்க?" என்கிறார்கள். எல்லாருக்கும் தெரிந்ததாக அது ஆனதே என்னால்தான் என்று விளக்க எனக்கும் தெம்பில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்பவன் நான். வாரத்தில் ஆறு நாள் பாலிபேக், அட்டைப்பெட்டி, ஷிப்மெண்ட். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெல்லிசைக் குழு. எனக்குப் பாட வராது, வாசிக்கவும் வராது. குரல் கணீரென்று இருக்கும் என்பதால் பாட்டுகளுக்கு நடுவில் பேசுகிற ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த பாட்டு இன்னது என்று மட்டும் சொன்னால் கூட்டம் இலைபோட்ட பக்கம் நகர்ந்துவிடும். ஆகவே பாட்டு பிறந்த கதை என்று ஏதாவது சொல்வேன். இந்த மெட்டு காரில் போகும்போது வந்தது, இந்தப் பாடகர் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு பாடினார், இந்தப் புல்லாங்குழலை வாசித்தவருக்கு அன்றைக்குத்தான் கல்யாணம். பாதி எங்கேயோ படித்தது, பாதி டீக்கடையில் கேட்டது. எது நிஜம், எது யார் கட்டியது என்று நான் பார்த்ததில்லை. மேடைக்கு அது தேவைப்படவும் இல்லை.

தாராபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. நாலாவது பாட்டு முடிந்ததும் கீபோர்டின் அடாப்டர் கருகிவிட்டது. வேறொன்று வாங்கிவர டிரம்ஸ்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். குழுத் தலைவர் என் பக்கம் திரும்பி, "பத்து நிமிசம் ஓட்டுங்க" என்றார். அடுத்தது அந்தப் பாட்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் போகிறவரை ஒரு பெண் வழியனுப்புகிற பாட்டு. தமிழ் தெரிந்த எல்லாருக்கும் தெரிந்திருக்கும். இரண்டாவது சரணத்தின் மூன்றாவது வரியில் பாடகியின் குரல் ஒரு சொல்லின் நடுவே லேசாக உடையும். உடைந்து, உடனே கூடிவிடும். அந்த ஒரு சொல்லுக்காகவே அதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறவர்கள் உண்டு. நானும்தான்.

பேச ஆரம்பித்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. "அந்தக் குரல் எதுக்கு அந்த எடத்துல ஒடையுதுன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். கூட்டம் அமைதியானது. அப்புறம் வாய் தானாகப் பேசியது. பாட்டு பதிவான அன்று காலையில்தான் அந்தப் பாடகியின் அம்மா இறந்து போயிருந்தார். வீட்டில் உடம்பு கிடக்கிறது. இசையமைப்பாளர் பதிவைத் தள்ளிவைக்கலாம் என்றார். பாடகி, இத்தனை பேர் காத்திருக்கிறார்கள், பாடிவிட்டே போகிறேன் என்றார். பாடினார். அந்த வரியில் மட்டும் முடியவில்லை. இசையமைப்பாளர் அதைத் திருத்தவில்லை.

நான் நிறுத்தியபோது முன்வரிசையில் பட்டுச்சேலை கட்டிய பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அடாப்டர் வந்துவிட்டது. பாட்டு ஆரம்பித்தது. அந்தச் சொல் வந்தபோது மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டதை மேடையிலிருந்து பார்த்தேன். இருபது வருடம் மைக்கைப் பிடித்ததில் அப்படி ஒரு அமைதியை நான் உண்டாக்கியதில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அதைச் சொன்னேன். மற்ற குழுக்காரர்கள் கேட்டுவிட்டு அவர்கள் ஊர்களில் சொன்னார்கள். ஒரு நாள் பேக்கிங்கில் ஓடிக்கொண்டிருந்த எஃப்.எம்.மில் அந்தக் கதை வந்தது. பெருமையாக இருந்தது, யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. பிறகு வாட்ஸ்அப் வந்தது. கதை வளர்ந்தது. பாடகி ஈரச்சேலையோடு வந்தாராம். ஸ்டுடியோவில் விளக்கை அணைத்துவிட்டுப் பாடினாராம். வயலின்காரர்கள் எல்லாரும் அழுதார்களாம். என் மச்சான் ஒரு விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு இது தெரியுமா மாப்ள?" என்று ஆரம்பித்து முழுக்கதையையும் எனக்கே சொன்னார். தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டேன். என் மனைவி இரண்டு முறை அதை எனக்கு அனுப்பியிருக்கிறாள். கதையோடு வரும் பாடகியின் படத்துக்கு மேலே கைகூப்பிய பொம்மை இருக்கும். பார்க்கும்போதெல்லாம் அலுப்பாக இருக்கும். அழித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் கம்பெனி ஆயுத பூஜைக்கு எங்கள் குழுவையே ஏற்பாடு செய்தார்கள். கட்டிங் மேசைகளை ஓரங்கட்டி நாற்காலி போட்டிருந்தது. காலை பதினோரு மணி. நான் வழக்கம்போல அந்தக் கதையைச் சொன்னேன், பாட்டு முடிந்தது, கைதட்டினார்கள். சுண்டலும் பொரியும் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஒல்லியான ஆள், எழுபதைத் தாண்டியவர், முழுக்கைச் சட்டை. வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற எங்கள் மெர்ச்சண்டைசரின் அப்பா என்று அப்புறம் தெரிந்தது. சென்னையில் தனியாக இருந்தவரை மகன் அப்போதுதான் இங்கே கூட்டி வந்திருந்தார்.

"நல்லா பேசுறீங்க சார்" என்றார். "அந்தக் கதையை உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"எல்லாரும் சொல்றதுதானுங்க" என்றேன்.

"அந்தப் பாட்டுல பதினாலு வயலின். அதுல நான் ஒருத்தன்."

கையிலிருந்த மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றுவதை நிறுத்திவிட்டேன்.

"அவங்க அம்மா அன்னைக்குச் சாகல சார்" என்றார். கோபமே இல்லாத குரல். "அவங்க அங்கதான் இருந்தாங்க. ஸ்டுடியோ வராந்தாவுல, சாப்பாட்டு கேரியரை மடியில வச்சுக்கிட்டு. அதுக்கப்புறமும் ரொம்ப வருசம் நல்லா இருந்தாங்க. என் கல்யாணத்துக்குக்கூட வந்தாங்க."

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். அப்போதெல்லாம் பாட்டும் வாத்தியமும் ஒன்றாகத்தான் பதிவாகும். ஒருவர் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒன்பது மணிக்கு ஆரம்பித்த கால்ஷீட் ஒரு மணிக்கு முடியும். பன்னிரண்டே முக்காலுக்குக் கடைசி டேக். பாடகி கண்ணாடி அறைக்குள் நிற்கிறார். செல்லோ வாசித்தவர் வயதானவர். இரண்டாவது சரணத்தில் அவருக்கு வேலையில்லை. வில்லை மடியில் வைத்துக்கொண்டு தாளத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் அவருக்குத் தும்மல் வந்துவிட்டது. சத்தம் வெளியே போனால் டேக் போச்சு. மூக்கையும் வாயையும் இறுகப் பொத்திக்கொண்டு அடக்கினார். தும்மல் சத்தமில்லாமல் போனது. கையை எடுத்தபோது பல்செட் கழன்று நோட்டு ஸ்டாண்டின்மேல் விழுந்து நின்றது. மேல்வரிசை முழுதும்.

"எங்களுக்கு முதுகு பக்கம் சார், நாங்க பாக்கல. கண்ணாடிக்கு நேரா நின்னது அந்தம்மா. அவங்க மட்டும் பார்த்துட்டாங்க. சிரிப்பை முழுங்கினாங்க பாருங்க, அதுதான் அந்தச் சொல். சிரிப்பை அடக்கினாலும் குரல் அப்படித்தான் உடையும். முடிஞ்சதும் இன்னொரு டேக் போலாம்னு அவங்களே கெஞ்சினாங்க. மணி ஒண்ணு. இசையமைச்சவர் ஒருதரம் போட்டுக் கேட்டுட்டு, இருக்கட்டும், இதுதான் நல்லா இருக்குன்னுட்டார். வெளியே வந்து அம்மாகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. அந்தக் கெழவி சிரிச்ச சிரிப்புல கேரியர் மூடி கழண்டு ஓடுச்சு. எலுமிச்சஞ்சோறு. எங்க எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தாங்க."

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை.

"இப்ப அவங்க யாரும் இல்ல" என்றார். "பாடினவங்க இல்ல, இசையமைச்சவர் இல்ல, செல்லோக்காரர் போயே எவ்வளவோ வருசம். என் பேரன் போன்ல அந்தக் கதையைக் காட்டினான். அப்படி இல்லடா, நான் அங்க இருந்தேன்னு சொன்னேன். என் மகன் என்ன சொன்னான் தெரியுமா? அப்பா, உங்களுக்கு மறந்திருக்கும், நீங்க வேற பாட்டை நினைக்கிறீங்கன்னான்." சட்டையில் ஒட்டியிருந்த பொரியைத் தட்டிவிட்டார். "நாலாயிரம் பாட்டு வாசிச்சிருப்பேன் சார். எதுலயும் என் பேர் கிடையாது. அங்க இருந்தேங்கிறது ஒண்ணுதான் எனக்கு இருந்துச்சு."

அன்று அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. "அப்படிங்களா, தெரியாதுங்க" என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்து படுத்தேன். அடுத்த நாள் விடுமுறை. அதற்கடுத்த நாள் அனுப்ப வேண்டிய சரக்கு. பெட்டிகளில் லேபிள் மாற்றி ஒட்டியிருந்தார்கள். எல்லாவற்றையும் பிரித்துத் திரும்ப ஒட்டினோம். அந்த வேலை முழுக்க, அங்க இருந்தேங்கிறது ஒண்ணுதான் எனக்கு இருந்துச்சு என்று அவர் சொன்ன ஒரே வரி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவரைப் பொய்யராக்கியவன் நான் என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலே என்னிடம் வந்து முறையிட்டிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு எங்களுக்குக் கச்சேரி இல்லை. அவர் மகனின் வீடு அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு அடுக்குமாடியில் இருந்தது. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். ஹாலில் அவர் மட்டும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். உட்காராமலே சொல்லிவிட்டேன்.

"அந்தக் கதையை யாரும் எனக்குச் சொல்லலைங்க. நானேதான் கட்டினேன். தாராபுரத்துல, ஒரு கல்யாணத்துல."

அவர் டிவியை அணைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "எதுக்கு அம்மாவைச் சாகடிச்சீங்க?" என்று கேட்டார். "காய்ச்சல்னு சொல்லியிருக்கலாம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லியிருக்கலாம். எதுக்கு அம்மா?"

அந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டுக்கொண்டதே இல்லை. நின்றபடியே யோசித்தேன். தாராபுரம் கல்யாணத்துக்கு நாற்பது நாள் முன்னால்தான் என் அம்மா இறந்தது. உடலை எடுத்த மூன்றாம் நாள் நான் பேக்கிங் மேசையில் நின்றேன். கண்டெய்னர் வெளியே காத்திருந்தது, வேறு ஆள் இல்லை, நானாகத்தான் போனேன். பெட்டிக்கு டேப் ஒட்டும்போது ஒரு இடத்தில் கை நின்றுவிட்டது. பக்கத்திலிருந்தவர் ஒட்டி முடித்தார். அவ்வளவுதான் நடந்தது. அதை யாருக்கும் சொல்லவில்லை. மைக்கைக் கொடுத்து பத்து நிமிடம் பேசு என்றதும் அந்தப் பாடகியின் தலையில் போட்டிருக்கிறேன்.

இதை அவரிடம் திக்கித் திணறிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "உட்காருங்க" என்றார். பிறகு உள்ளே பார்த்து மகனைக் கூப்பிட்டார். "இவர் ஒண்ணு சொல்லணுமாம், கேளு."

மகனுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. கம்பெனியில் அவர் சொன்னால் நான் கேட்க வேண்டும். அவர் முன்னால் நின்று, "சார், அந்தப் பாட்டுக் கதை பொய்யிங்க, நான்தான் கட்டி விட்டது. அப்பா சொல்றதுதான் நெசம்" என்றேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "சாரிப்பா" என்றார். பெரியவர் மருமகளிடம் எனக்கும் சேர்த்து இலை போடச் சொன்னார். சாப்பிட்டு எழுந்தபோது கேட்டார்: "மேடையில ஒருதரம் சொல்வீங்களா?"

"சொல்றனுங்க" என்றேன்.

கொமரலிங்கத்தில் ஒரு நிச்சயதார்த்தம். அங்கே சொன்னேன். இத்தனை நாள் நான் சொன்னது பொய், மன்னிச்சுக்குங்க என்று ஆரம்பித்தேன். அந்தப் பகுதியை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. பல்செட் விழுந்ததைச் சொன்னதும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பாட்டு ஆரம்பித்தது. எங்கள் குழுவில் அதைப் பாடுகிற பெண் இரண்டு குழந்தைகளுக்குத் தாய், பள்ளியில் டீச்சர், உயிரைக் கொடுத்துப் பாடும். அந்தச் சொல் வந்ததும் எல்லாரும் காத்திருந்த மாதிரி சிரித்தார்கள். ஒருவர் பல்லைப் பிடித்துக்கொள்வதுபோல நடித்துக் காட்டினார். அந்தப் பெண் மீதிப் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பாடி முடித்தது.

வேனில் வரும்போது என்னிடம், "ஏனுங்ணா, எம்மேல ஏதாவது கோவத்துல பண்ணுனீங்களா?" என்று கேட்டது. "இல்லீங்க கண்ணு, அது நெசம்" என்றேன். "நெசமா இருந்தா பாட்டு முடிஞ்சப்புறம் சொல்லுங்க. நான் பாடறதுக்கு முன்னால சொல்லாதீங்க." தலைவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் கடுமையாக.

சரி, பாட்டு முடிந்த பிறகு சொல்வோம் என்று எங்கள் கம்பெனிப் பொங்கல் விழாவில் சொன்னேன். பெரியவர் முதல் வரிசையில் இருந்தார். எழுந்து நிற்கச் சொன்னேன், நின்றார், கைதட்டினார்கள். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது. இதோடு முடிந்தது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

விழாவுக்கு மறுநாள் வேலைக்குப் போனால் தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் பிரிவுப் பெண் ஒருவர் என் மேசைக்கு வந்து நின்றார். அருப்புக்கோட்டைப் பக்கம் ஊர். பத்து வருடமாக இங்கே குடும்பத்தோடு இருக்கிறவர். அதிகம் பேசாத ஆள்.

"அண்ணே, முந்தி நீங்க சொன்ன கதை பொய்யாண்ணே?"

"ஆமாங்க. தப்புத்தான்."

அவர் கையில் தைத்து முடித்த பனியன் பீஸ் ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில் பிசிர் தேடுவதுபோலத் தடவிக்கொண்டே பேசினார். "எங்கம்மா செத்தப்ப என்னால ஊருக்குப் போக முடியல. சின்னவனுக்கு அம்மை போட்டிருந்துச்சு, தூக்கிட்டுப் போக முடியாது. ஊருல இன்னும் சொல்லிக் காட்டுதாக, கல் மனசுக்காரின்னு. ஒங்க கதையைத்தான் நான் அவுககிட்டச் சொல்லிட்டு வாரேன். அம்புட்டுப் பெரிய பாட்டுக்காரியே அம்மாவைப் போட்டுட்டு வேலைக்குப் போயிருக்கா, அவளை யாரு கல் மனசுன்னாக, அவ அழுகை பாட்டுல இல்லையான்னு. இப்ப நான் என்னத்தைச் சொல்ல?"

சுற்றிலும் பாலிபேக் உறைகளின் சரசர சத்தம். ஒரியாப் பையன்கள் பெட்டிகளை மடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவரிடம் என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். மூன்றாம் நாள் வந்ததை, இதே மாதிரி ஒரு மேசையில் கை நின்றுபோனதை. பெரியவருக்குச் சொன்னதைவிடச் சுருக்கமாகத்தான் சொன்னேன்.

கேட்டுவிட்டு பீஸை மேசைமேல் விரித்துப் போட்டார். "அப்ப ஆளு மட்டுந்தான் மாறியிருக்கு" என்றார். பீஸை மடித்துக்கொண்டு போய்விட்டார். ஊரில் அவர் இப்போது என்ன சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

நான் திருத்திச் சொன்னது எங்கேயும் போகவில்லை. மூன்று வருடத்தில் அது எந்தப் போனிலும் வந்து நான் பார்க்கவில்லை. பழையது மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. போன மாதம் வந்ததில் பாடகியின் அப்பாவும் சேர்ந்து இறந்துவிட்டிருந்தார். பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "அவரு ஹைகோர்ட்டுல குமாஸ்தா" என்றார். "நல்ல மனுசன்." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்கும் அலுத்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் அவர் மகன் இப்போது அப்பா பேசுவதைப் போனில் பதிவு செய்கிறார். எந்தப் பாட்டு, யார் வாசித்தது, எந்த ஸ்டுடியோ என்று கேட்டுக் கேட்டு. பேரனும் கூட உட்காருகிறானாம்.

மேடையில் கதை சொல்வதை விட்டுவிட்டேன். தலைவரிடம் குரல் முன்னைப்போல இல்லை என்று காரணம் சொன்னேன். அதுவும் பாதி நிஜம்தான். பேக்கிங்கில் பறக்கிற பஞ்சுத் தூசியில் தொண்டை போய்விட்டது. இப்போது ஸ்பீக்கரும் ஒயரும் பார்த்துக்கொள்கிறேன். அறிவிப்புக்கென்று யாரும் இல்லை. அவரவர் பாட்டை அவரவரே சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறார்கள்.

சென்ற ஞாயிறு ஒரு காதுகுத்து. மதியச் சாப்பாட்டு நேரம். அந்த டீச்சர் பெண் முன்னுரை எதுவும் இல்லாமல் அந்தப் பாட்டை எடுத்தது. ஸ்பீக்கர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து கேட்டேன். இரண்டாவது சரணம் வந்தது, அந்தச் சொல் வந்தது, போனது. யாரும் அழவில்லை, யாரும் சிரிக்கவில்லை. பந்தியில் யாரோ ரசம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் நன்றாகத்தான் பாடியது.